திருகோணமலையில் சைக்கிள் ஓட எந்தப் பக்கம் போகலாம்?

லண்டனில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகஸ்டில் பத்து நாள் அம்மாவைப் பார்க்கத் திருகோணமலைக்கு வருகிறாராம். தன் றோட் பைக்கையும் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறாராம். லண்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் மரங்களுக்குள் கொஞ்சம், கால்வாய்க்கரையில் கொஞ்சம், வெட்டவெளி வயல்களுக்கு நடுவே கொஞ்சம் என்று ஒரே ஓட்டத்தில் அறுபது எழுபது கிலோமீற்றர் போய்ப் பழகியவர். "நம்மூரிலும் அப்படி ஓட வழி இருக்கிறதா? மெல்லிய டயர் தாங்குமா?" என்பது கேள்வி.

இருக்கிறது. காடு, வாய்க்கால், வயல் மூன்றும் நகரத்தில் இருந்து அரை நாள் தூரத்துக்குள் கிடைக்கும். ஆனால் சைக்கிள்காரருக்கென்று யாரும் இங்கே பாதை போட்டு வைக்கவில்லை. வாய்க்கால் கட்டில் உழவு இயந்திரம் போகும், மாடு போகும், குளிக்கிற சனம் இருக்கும். காட்டு வீதி மாலை ஐந்து மணிக்குப் பிறகு யானைக்கு. வயல் நடுவே போகும் வீதியில் அறுவடைக் காலத்தில் பாதிக்கு நெல் காயும். அதனால் எந்த இடத்துக்கு எந்த நேரம் போவது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், தூரத்தைப் பிறகு பார்ப்பேன். இருபது வருடத்துக்கு மேல் கந்தளாய்ப் பக்கம் படிப்பித்தவன் நான். சனி ஞாயிறு லுமாலா சைக்கிளை உழக்கித் திரிந்த பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இப்போது கியர் சைக்கிள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் காற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் இங்கே கச்சான் காலம். வெளியூர்க்காரருக்குக் கச்சான் என்றால் கடலை. எங்களுக்கு அது மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வரும் வறண்ட காற்று. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வரும்போது அதில் ஈரமே இராது. அதிகாலையில் அடங்கிக் கிடக்கும். எட்டரை, ஒன்பது மணிக்கு எழும்பும். பத்து மணிக்குப் பிறகு அதை எதிர்த்து மேற்கே உழக்கிப் பார்த்தவர் இரண்டாம் தரம் போகமாட்டார். ஆகவே விடிகிற நேரம் மேற்கே போங்கள், காற்று எழும்பிய பிறகு முதுகில் வாங்கிக்கொண்டு கடலோரத்துக்குத் திரும்புங்கள். சூரியன் ஆறு மணியை ஒட்டி எழும்பும். ஐந்தேமுக்காலுக்கு வீட்டுப் படலையைத் திறந்துவிட வேண்டும். வெயில் முப்பத்துநாலு, முப்பத்தைந்து பாகைக்குப் போகும் மாதம் இது. பதினொரு மணிக்கு நிழலில் இருப்பதாகத் திட்டம் போடுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் தம்பலகாமம் போய்க் கிண்ணியா வழியாகத் திரும்பும் சுற்றைத்தான் சொல்வேன். நீங்கள் கேட்ட மூன்றும் அதில் வரும். மொத்தம் அறுபது கிலோமீற்றர் அளவில் முடியும், உள்வீதிகளில் அலைந்தால் கூடும்.

நகரத்தில் இருந்து கண்டி வீதியில் இறங்குங்கள். சீனக்குடா வரைக்கும் ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர். இந்தத் துண்டைத்தான் விடிந்த கையோடு முடிக்க வேண்டும். மாவாலை, சீமெந்து ஆலை, எண்ணெய்க் களஞ்சியம் மூன்றுமே அந்தப் பக்கம் இருப்பதால் ஏழு மணிக்குப் பிறகு லொறிக்கும் எண்ணெய் ஏற்றும் பவுசருக்கும் குறைவிராது. வீதி காப்பெற் போட்டது, ஓரமும் பரவாயில்லை. ஆனாலும் பவுசர் ஒன்று பக்கத்தால் போகும்போது இழுக்கும் காற்று மெல்லிய சைக்கிளை ஆட்டிவிடும்.

சீனக்குடாவில் வீதியின் பக்கமாகக் காட்டைக் கவனித்துப் பாருங்கள். மரங்களுக்கு இடையில் கறுப்பாய், துருப்பிடித்து, வட்டமாய்ப் பெரிய உருவங்கள் தெரியும். அவை பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள். நூற்றியொன்று கட்டினார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு விமானம் தாங்கி ஒன்றின் மேலேயே போய் விழுந்தது. எஞ்சியவற்றில் பாதிக்கு மேல் காட்டுக்குள் கொடி படர்ந்து கிடக்கின்றன. உள்ளே போக அனுமதியில்லை, வீதியில் நின்று பார்த்துவிட்டு நகருங்கள். படம் எடுக்க ஆசைப்பட்டால் பக்கத்தில் விமானப்படை முகாம் இருப்பதை மனதில் வையுங்கள்.

அப்புறம் பாலம்போட்டாறு பக்கம் வரும்போது இரண்டு பக்கமும் காடு நெருங்கும். பாலை, வீரை, முதிரை நிற்கும் வறண்ட காடு. இங்கிலாந்துச் சோலை மாதிரிக் குளிர்ந்த நிழல் எதிர்பார்க்காதீர்கள். ஆகஸ்டில் பாதி மரம் தூசி பூத்து நிற்கும். ஆனால் காலை ஆறரைக்கு அந்த வழியில் ஒரு மணம் வரும். காய்ந்த இலையும் யானை லத்தியும் இரவு ஈரமும் கலந்த மணம். அது எனக்கு எந்தப் பூந்தோட்டத்தையும் விடப் பிடிக்கும். லத்தி புதிதாக, ஆவி பறக்கக் கிடந்தால் மட்டும் நின்று, முன்னால் ஒரு பஸ் போகும் வரை பொறுத்திருந்து, அதன் பின்னால் போங்கள்.

நகரத்தில் இருந்து இருபத்துநாலு கிலோமீற்றர் அளவில் தம்பலகாமச் சந்தி. கண்டி வீதியில் இந்தப் பகுதியில் சனம் இன்னும் மைல்கல்லைத்தான் ஊர்ப்பெயராகச் சொல்லும். 95ஆம் கட்டை, 96ஆம் கட்டை என்பார்கள். கிலோமீற்றர் வந்து எத்தனையோ காலமாயிற்று, கட்டைகளை யாரும் விடவில்லை. வழி கேட்டால் அந்தக் கணக்கில்தான் பதில் வரும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

சந்தியில் திரும்பினால் காடு சட்டென்று விலகி வயல் விரியும். இந்த இடத்துக்காகத்தான் இந்தச் சுற்றையே சொல்கிறேன். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் தம்பலகாமப் பற்று வயல், கண் எட்டும் தூரம் வரை ஒரே மட்டம். ஏற்றம் என்று ஒன்றுமில்லை. சிறுபோகம் ஆகஸ்டில் முற்றிப் பழுக்கும். நீங்கள் மாத முற்பகுதியில் வந்தால் பச்சையும் மஞ்சளும் கலந்து நிற்கும், கடைசியில் வந்தால் அறுவடை மெசின் இறங்கியிருக்கும். நடுவே ஆதி கோணநாயகர் கோயில். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்த பிறகு, காப்பாற்றி ஒளித்த மூர்த்தங்களை வைத்துக் கட்டிய கோயில் என்பது ஊர் வழக்கு. கோபுரம் வயலுக்கு மேலாகத் தூரத்திலேயே தெரிவதால் வழி தவறாது. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, சப்பாத்தைக் கழற்றி, ஐந்து நிமிடம் மண்டபத்தில் இருங்கள். சைக்கிள் சப்பாத்தின் அடியில் உள்ள இரும்பு கோயில் கல்லில் வழுக்கும், வாசலிலேயே கழற்றுவது உங்கள் முழங்காலுக்கும் நல்லது.

தம்பலகாமத்தில் இருந்து கிண்ணியாப் பக்கம் போகும்போது காற்று உங்கள் முதுகில் இருக்கும். வயல் வீதி சில இடத்தில் கொங்கிறீட், சில இடத்தில் தார், இடைக்கிடை கிறவல். கிறவல் துண்டுகளில் மெல்லிய டயரை மெதுவாக விடுங்கள். நெல் காயப்போட்டிருந்தால் நெல்லுக்கு மேல் ஏற்றக்கூடாது. உருளும் நெல்லில் டயர் வழுக்கி நீங்கள் விழுவது ஒரு பக்கம். ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பை மிதித்துக்கொண்டு போகிறீர்கள் என்பது மறுபக்கம். எதிரே வாகனம் வந்தால் இறங்கி நின்று வழிவிடுங்கள்.

கிண்ணியாவுக்குள் குறிஞ்சாக்கேணி வழியாக வருவதா, சுற்றி வருவதா என்பதை அந்த நேரம் வீதி இருக்கும் நிலையைப் பார்த்து ஊரில் கேட்டு முடிவெடுங்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தது அந்த இடத்தில்தான். "பாதை" என்று நான் சொல்வது உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. எங்கள் மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் உண்டு. ஆற்றையும் கடல்வாயையும் கடக்க மனிதரையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவைக்குப் பேர் பாதை. நீங்கள் நல்ல சைக்கிள் பாதை எது என்று கேட்டதும் எனக்கு முதலில் மனதில் வந்தது கிண்ணியாத் துறையும், பாதைக்குக் காத்து நின்ற வரிசையும்தான்.

அந்த வரிசை இப்போது இல்லை. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தார்கள். 396 மீற்றர், நாட்டிலேயே நீளமான பாலம் என்று அப்போது சொல்லித் திறந்தது. அதில் சைக்கிளில் ஏறும்போது ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் கொட்டியாரக் குடா. ஒன்பது மணிக் காற்று பாலத்தின் மேல் குறுக்காக அடிக்கும், ஹாண்டிலை இறுக்கிப் பிடியுங்கள். பாலம் தாண்டி வெள்ளைமணல் வழியாகச் சீனக்குடாச் சந்திக்கு வந்து, பத்துக் கிலோமீற்றரில் வீடு.

சரி, வாய்க்கால்கரைக்கு வருகிறேன். தம்பலகாமத்திலும் வாய்க்கால் உண்டுதான். ஆனால் வாய்க்கால் கட்டில் நீண்ட தூரம் ஓட வேண்டுமென்றால் கந்தளாய்க்குப் போக வேண்டும். நகரத்தில் இருந்து நாற்பது கிலோமீற்றர். போக நாற்பது, வர நாற்பது, அங்கே ஒரு இருபது என்றால் வெயிலில் தாங்காது. போகும்போது சைக்கிளை வாகனத்தில் ஏற்றிப் போய், அங்கிருந்து ஓடி வருவதுதான் புத்தி. ரயிலில் கொண்டுபோக விரும்பினால் நிலையத்தில் பார்சல் பகுதியில் முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கந்தளாய்க் குளம் யார் கட்டியது என்றால் இரண்டு பதில் கிடைக்கும். குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயில் வயல்களுக்காகக் கட்டினான் என்பது நம்மவர் சொல்லும் வரலாறு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்போ மன்னன் என்பது சிங்கள நூல்களின் கணக்கு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. மின்னேரியாப் பக்கம் இருந்து பழைய காலத்தில் வெட்டிய பெரிய வாய்க்கால் ஒன்று இங்கே வந்து விழுகிறது. மலையில் பெய்யும் மழையைக் காட்டின் ஊடாக இத்தனை தூரம் சரிவு பார்த்துக் கொண்டுவந்தவர்கள் யாராக இருந்தாலும் கும்பிட வேண்டியவர்கள்.

குளக்கட்டு நாலு கிலோமீற்றருக்கு மேல் நீளம். கட்டின் மேல் உழக்கும்போது ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், மறுபக்கம் உங்கள் காலடிக்குக் கீழே வீட்டுக் கூரைகள். அந்த உயர வித்தியாசத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை மூன்று மணிக்கு இந்தக் கட்டு உடைந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் போயின. கட்டின் மேல் கனத்த வாகனங்கள் ஓடியதும் ஒரு காரணம் என்று அப்போது பேசினார்கள். அடுத்த வருடமே திரும்பக் கட்டினார்கள். சைக்கிளைக் கட்டு தாங்கும், பயப்பட வேண்டாம்.

துருசுக்கு, அதாவது குளத்து மதகுக்கு, கீழே இருந்து வாய்க்கால்கள் பிரியும். பெரிய வாய்க்கால் கரையில் கிறவல் போட்ட ஒற்றை வழி, ஓரத்தில் மருதமரம். தண்ணீர் ஓடும் காலத்தில் அந்த மருத நிழலில் உழக்குவதுதான் உங்கள் கால்வாய்க்கரைக்கு நாங்கள் தரக்கூடிய பதில். மரத்தில் மீன்கொத்தி, ஆழம் குறைந்த இடத்தில் நாரை, கட்டில் காய்ந்துகொண்டு கிடக்கும் கபரக்கொய்யா என்ற பெரிய நீர் உடும்பு. கபரக்கொய்யா தானாக நகரும், பெல் அடித்தால் போதும். குளத்தில் முதலை உண்டு, கால் நனைக்க ஆசைப்பட்டால் சனம் குளிக்கும் படியில் மட்டும் இறங்குங்கள்.

குளிக்கும் படி என்றதும் ஒரு விடயம். காலை ஏழு மணிக்கும் மாலை நாலு மணிக்குப் பிறகும் வாய்க்கால் படிகளில் பெண்கள் குளிப்பார்கள், துவைப்பார்கள். இறுக்கமான சைக்கிள் உடுப்போடு ஒரு ஆம்பிளை கறுப்புக்கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? தூரத்திலேயே பெல் அடியுங்கள், வேகத்தைக் குறைக்காமல் நேரே பார்த்துக் கடந்துவிடுங்கள், படம் எடுக்காதீர்கள். என் பழைய மாணவி ஒருத்தி ஒரு முறை வாய்க்காலுக்குள் நின்றபடியே "சேர், இந்த நேரத்தில இஞ்சால வாறேல்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அவள் சொன்னது சரி. வாய்க்கால்கரைக்கு நல்ல நேரம் காலை எட்டில் இருந்து பத்து வரை. வயலுக்குப் போனவர்கள் போயிருப்பார்கள், குளிக்க வருபவர்கள் வந்திருக்கமாட்டார்கள்.

மெல்லிய டயர் பற்றிக் கேட்டீர்களே, அதற்கான பாடத்தை நான் படித்தது இந்தக் கரையில்தான். ஒரு பங்குனி மாதம், மகன் அனுப்பிய 25 மில்லிமீற்றர் டயரைப் பூட்டிக்கொண்டு பெருமையாகப் போனேன். நெருஞ்சி காய்ந்து முள் உதிரும் காலம். முதல் ரியூப் போயிற்று, மாற்றினேன். கால் மணியில் இரண்டாவதும் போயிற்று. ஒட்டுப் போடுவோம் என்று கழற்றிப் பார்த்தால் ஒரே ரியூபில் ஏழு ஓட்டை. உருட்டிக்கொண்டு நடந்தேன். கடைசியில் உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர், நெல் மூட்டைக்கு மேல் சைக்கிளையும் சைக்கிளுக்குப் பக்கத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டுவந்து கண்டி வீதியில் இறக்கினார். வழியெல்லாம் அவர் டயரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இதென்ன மாஸ்டர், தண்ணிக் குழாய் மாதிரி" என்றார். அன்றில் இருந்து 32க்குக் குறைந்த டயரை நான் வாய்க்கால் கட்டில் ஏற்றுவதில்லை. உங்கள் பிரேமுக்குள் 28தான் போகும் என்றால் கட்டில் ஓடுங்கள், ஆனால் வழியின் நடுவே வளர்ந்திருக்கும் புல்லில் ஏறாதீர்கள். முள் இருப்பது அங்கேதான். சக்கரத்தடம் பதிந்த மண்ணில் போங்கள்.

கந்தளாய்க்கு மேலே ஹபரணைப் பக்கம் சைக்கிளில் போக நான் சொல்லமாட்டேன். வீதி அழகுதான், ஆனால் வாகனங்கள் பறக்கும், யானை எந்த நேரமும் குறுக்கே வரும். பஸ்ஸில் இருந்து பாருங்கள்.

காட்டு வழிதான் வேண்டும் என்றால் அநுராதபுர வீதி. நகரத்தில் இருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில் கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாயின் அந்தியேட்டிக்காக (இறந்தவருக்குச் செய்யும் கிரியைக்காக) இராவணன் வாளால் குத்திய இடம் என்று சொல்வோம், இன்றைக்கும் அந்தக் கடமைக்கு வருகிறவர்கள் உண்டு. அங்கிருந்து பெரியகுளம் பக்கம் உள்ளே போனால் வெல்கம் விகாரை. தமிழில் நாதனார் கோயில். இது பலருக்குத் தெரியாத இடம். சோழர் காலத்தில் இதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழர் வழிபட்ட பௌத்தப் பள்ளி, தமிழ்க் கல்வெட்டுகள் நிற்கின்றன. காட்டின் நடுவே கட்டட அடித்தளமும் தூணும். காலை ஏழரைக்குப் போனால் குரங்கையும் காவல்காரரையும் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். கன்னியாவும் இதுவும் சேர்த்துப் போய்வர முப்பது கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். நீண்ட ஓட்டத்துக்கு முந்திய நாள் கால் பழக்க நல்ல வழி. வெந்நீர்க் கிணற்றில் வாளியால் அள்ளி முழங்காலில் ஊற்றிக்கொண்டு வருவது உபரி லாபம்.

இதற்கு அப்பால் பன்குளம், முதலிக்குளம் என்று போகும் வீதி உண்மையான காட்டு வீதி. வாகனம் குறைவு, தார் நல்லது, மெல்லிய மேடு பள்ளம். றோட் பைக்குக்கு என்றே போட்டது மாதிரி இருக்கும். ஆனால் காலை ஏழரைக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் அங்கே இருக்கக்கூடாது. ஒரு நாள் கணக்குத் தவறி, திரும்பும்போது ரொட்டவெவவில் பிளேன்ரி குடிக்க நின்றேன். மணி ஐந்து. கடைக்கார நானா கிளாசைக் கையில் தரும்போதே, "சேர், இனி சைக்கிளில போகாதீங்க. நேத்து இந்த நேரந்தான் வளைவில நிண்டது" என்றார். நான் கொஞ்சம் வீம்பு பேசினேன். அவர் வாதம் பண்ணவில்லை. கடைசி பஸ்ஸை மறித்து, கண்டக்டரோடு தானே பேசி, சைக்கிளைப் பின்வாசலால் ஏற்றிவிட்டுத்தான் கடைக்குத் திரும்பினார். வளைவில் பஸ் மெதுவாகியது. ஒற்றைக் கொம்பன், வீதியோரத்தில் மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு நின்றது. சைக்கிளில் போயிருந்தால் இருபது மீற்றருக்குக் கிட்டப் போன பிறகுதான் கண்டிருப்பேன். ஆகவே அந்த ஊர்க்காரர் போக வேண்டாம் என்றால் போகாதீர்கள். கைத்தொலைபேசி வரைபடத்தில் யானை காட்டாது.

வடக்கே நிலாவெளி வீதியை நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களுக்குத் தெரிந்த வீதிதான். உப்புவெளி, அலஸ்தோட்டம் வரை ஓட்டோவும் சுற்றுலா வானும் நெருக்கும். இறக்கண்டிப் பாலம் தாண்டினால் சனம் குறைந்து, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று கடலும் கடல்நீரேரியும் மாறி மாறி வரும். குச்சவெளி வரை போய்வர எழுபது கிலோமீற்றருக்குக் கிட்ட. இன்னும் போனால் திரியாய். நிழல் இல்லை, ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும். காற்றில் வரும் மணலும் உப்பும் செயினைத் தின்னும், வந்ததும் துடைத்து எண்ணெய் விடுங்கள். வேகமாக ஓடுவதற்கு நல்ல வீதி. பார்க்க என்று கேட்டால் எனக்கு வயல் பக்கம்தான்.

மூதூர்ப் பக்கம் போக ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மட்டக்களப்பு வீதியில் அப்படியே போனால் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாலங்கள். முன்பு இவை எல்லாம் பாதைகள். காலையில் புறப்பட்டவர் ஒவ்வொரு துறையிலும் நின்று நின்று மத்தியானம் போய்ச் சேர்ந்த தூரத்தை இன்று நீங்கள் இரண்டு மணி நேரத்தில் உழக்கிவிடலாம். கங்கைப் பாலத்தில் கட்டாயம் நில்லுங்கள். 335 கிலோமீற்றர் ஓடி வந்த மகாவலி கடலைத் தொடப்போகும் இடம் அது. ஆகஸ்டில் மணல் திட்டுத் தெரியச் சோம்பலாகக் கிடக்கும். மார்கழியில் பார்த்தால் இதே ஆறா என்று கேட்பீர்கள். மூதூரில், 1660இல் கப்பல் திருத்த வந்து கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்ட றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமியின் நினைவாக ஒரு மரமும் கல்லும் உண்டு. அவர் தப்பிப் போகப் பத்தொன்பது வருடம் பிடித்தது. உங்களுக்கு அம்மாவின் மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்ப வேண்டும் என்றால் மூதூரோடு நிறுத்துங்கள்.

அதற்கும் தெற்கே கிளிவெட்டி, அல்லைப் பக்கம் வாய்க்கால்களும் வயல்களும் இன்னொரு தம்பலகாமம் மாதிரி. 2006 ஜூலையில் மாவிலாற்றுத் துருசை மூடியதில் இருந்து கடைசி யுத்தம் தொடங்கியது என்று செய்திகளில் கேட்டிருப்பீர்களே, அந்தத் தண்ணீர் போகும் வயல்கள்தான் அவை. உறவினர் வீட்டில் ஒரு இரவு தங்க முடிந்தால் மட்டும் அந்தப் பக்கம் திட்டம் போடுங்கள், ஒரே நாளில் ஓடிப் பார்த்துவிட்டு வரும் இடம் இல்லை. பிரதான வழிகளை விட்டுப் பற்றைக்குள் போகும் தடங்களில் இறங்க வேண்டாம், எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கொண்டுவர வேண்டிய சாமான் பற்றி. ரியூப் நாலு கொண்டுவாருங்கள். நகரத்தில் சைக்கிள் கடைகள் இருக்கின்றன, ஒட்டுப் போட நல்ல கைகளும் இருக்கின்றன, ஆனால் உங்கள் அளவு ரியூப் கிடைப்பது கடினம். கடைக்காரர் 28 அங்குலம் என்று ஒன்றை நீட்டுவார். டயரை வாங்கிவிடாதீர்கள். உங்கள் 700சி ரிம் 622 மில்லிமீற்றர், நம்மூர்ப் பெரிய சைக்கிளின் 28 அங்குல ரிம் 635. பூட்டினால் கழன்று நிற்கும். உங்கள் மெல்லிய வால்வுக்கு இங்குள்ள பம்ப் பொருந்தாது, கைப்பம்பையும், இங்குள்ள பம்பைப் பொருந்த வைக்கும் மாற்று மூடியையும் மறக்காதீர்கள். தண்ணீர்ப் போத்தல் இரண்டு. வழியில் இளநீருக்குக் குறைவில்லை. பின்விளக்கை விடிகாலையில் எரியவிடுங்கள். நாய்கள் துரத்தினால் வேகம் கூட்டுவதை விட இறங்கி நடப்பது நல்லது. சைக்கிளில் இருந்து இறங்கியதும் அவற்றுக்கு உங்களில் உள்ள அக்கறை போய்விடும்.

இன்னொன்று, தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் வீதியோரத்தில் எருமைத்தயிர் சட்டியில் விற்பார்கள். அம்மாவுக்கு ஒரு சட்டி வாங்கிப் போக நினைப்பீர்கள். றோட் பைக்கில் கரியர் இல்லை. முதுகுப்பையில் போட்டால் வெள்ளைமணல் தாண்டுமுன் முதுகெல்லாம் தயிர் வடியும், நான் பட்டவன். கடைக்காரரிடம் சொல்லி வாய்க்கு இரண்டு சுற்றுப் பொலித்தீன் கட்டி, கிண்ணியாவில் இருந்து வரும் ஓட்டோ ஒன்றில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்து முடிப்பதற்குள் அது மேசையில் இருக்கும்.